கூண்டுத் துணி

அஸ்மா கூண்டை மடியில் இருத்திக்கொண்டு, வாப்பாவின் சவரக்கத்தியால் மேல் உறையின் தையலை அறுக்கத் தொடங்கியதும் வீட்டிலிருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். கத்த வேண்டிய ஒரே மனிதர் மட்டும் நடுக்கூடத்தில் பாயால் மூடப்பட்டு, காலில் வீக்கம் வற்றாமல், பேசாமல் படுத்திருந்தார். ஷரீஃபுதீன் அன்று விடியற்காலையில் மௌத்தாகியிருந்தார்.

"ஏய் அஸ்மா, அது உங்க வாப்பா உசுரா வச்சிருந்த குருவி" என்றார் அவருடைய தம்பி முகைதீன். "உறையை உரிச்சா ஊமையாப் போயிரும்."

"தெரியும் சாச்சா."

"தெரிஞ்சுமா அறுக்கிறே?"

"வேற துணி இருந்தா குடுங்க. நிறுத்திடறேன்."

முகைதீன் தன் இடுப்பைக் குனிந்து பார்த்தார். கோணிச் சாக்கைப் பிரித்துத் தைத்த கால்சட்டை. 

அந்தக் கூண்டின் கதையைக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். மலாக்காவின் காஜா பெராங்கில் அதை அறியாதவர் கிடையாது. ஷரீஃபுதீன் துக்காங் எமாஸ் தெருவில் மளிகைக்கடை வைத்திருந்தவர். யுத்தத்துக்கு வெகுமுன்பு ஊருக்குப் போய்த் திரும்பியபோது, கூட வந்தவர்கள் கருவாடும் பனங்கற்கண்டும் கட்டிக்கொண்டு வர, இவர் ஒரு வானம்பாடியைக் கொண்டுவந்தார். பார்க்கிறதுக்கு ஒன்றுமில்லை, மண்ணாங்கட்டி நிறம். உழுத புழுதியில் விட்டால் உடையவனுக்கே கண்ணில் படாது. கப்பல் தளத்தில் தன் குடையை அதற்குப் பிடித்துவிட்டுத் தான் மழையில் நின்றார் என்று கூட வந்தவர்கள் வருஷக்கணக்கில் சொல்லிச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவுமில்லை, மறுக்கவுமில்லை.

வானம்பாடி கிளையில் உட்காருகிற ஜாதியல்ல. கோரைப்புல்லும் முள்ளும் தவிர வேறொன்றும் முளைக்காத பொட்டலில் கோழி மாதிரி நடந்து திரியும். பாட்டு வந்துவிட்டால் நேரே மேலே கிளம்பும். அதனால் அதன் கூண்டுக்குள் கம்பு கிடையாது. மணல் பரப்பி, நடுவில் ஒரு தட்டைக்கல் வைப்பார்கள். பாடுகிற வேகத்தில் எகிறி மண்டையை உடைத்துக்கொள்ளும் என்பதால் கூண்டின் கூரை மட்டும் மூங்கிலில் இல்லாமல் துணியில் இருக்கும். இவை தவிர வளர்க்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கூண்டு முழுக்க உறை போடவேண்டும், தீனி வைக்கிற வாசலை மட்டும் விட்டுவிட்டு. வருஷத்துக்கு ஒரு புது உறை. பழையதைக் கழற்றக்கூடாது, அதன்மேலேயே தைக்கவேண்டும். உறை ஏற ஏறப் பாட்டும் ஏறும் என்பது அவர்கள் நம்பிக்கை. உரித்தால் குருவி வாய் திறக்காது என்பதும் அதோடு ஒட்டிய நம்பிக்கைதான்.

நாகூர் கந்தூரி மாதம் வந்தால் ஷரீஃபுதீன் கடையிலிருந்து திரும்பும்போது கக்கத்தில் வெள்ளை மல் துணி இருக்கும். பெருநாளைக்குப் பெண்டாட்டிக்குச் சேலை வந்ததோ இல்லையோ, கூண்டுக்குச் சட்டை வந்துவிடும். "எனக்கு ஒரு சக்களத்தி கப்பலேறி வந்துட்டா" என்பாள் உம்மா, வருகிறவர் போகிறவரிடமெல்லாம். "மூஞ்சியும் நல்லால்ல, நிறமும் நல்லால்ல. ஆனா வருஷந் தவறாமப் புதுத்துணி!"

ஜப்பான்காரன் வந்தான். கடை போயிற்று, அரிசி போயிற்று, துணி போயிற்று. கடிகாரத்தைக்கூட அவன் நேரத்துக்குத் திருப்பிவைக்கச் சொன்னான். ஊரே மரவள்ளிக்கிழங்கைத் தின்று வயிறு ஊதிக் கிடக்க, ஷரீஃபுதீன் மாலையில் மேட்டுப் புல்லில் தவழ்ந்து குருவிக்குத் தத்துக்கிளி பிடித்துக்கொண்டிருந்தார். உறை போடுகிற மாதமும் வந்தது. கடையில் துணி இல்லை என்றதும் தன்னுடைய பெருநாள் சட்டையை எடுத்து நாலு தையலில் கூண்டுக்குப் போட்டுவிட்டார். நல்லவரா என்று கேட்டால் உடனே சொல்வது கஷ்டம். பிடிவாதக்காரர், அதில் சந்தேகமில்லை.

அந்தச் சட்டைதான் இப்போது அஸ்மாவின் கத்திக்கு முதலில் வந்தது. பையோடு அப்படியே இருந்தது.

அஸ்மா செமாபோக்கில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் ஜெய்னுலாப்தீனைச் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துப்போன பிறகு தாய்வீட்டோடு வந்துவிட்டாள். வாப்பாவின் கால்கள் வீங்கத் தொடங்கியது அதற்குப் பிறகு. முதலில் பாதம், பிறகு முழங்கால். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். தவிடு போகாத அரிசி தின்றால் சரியாகும் என்றார்கள். தவிடு போன அரிசிக்கே வழியில்லை.

மருந்து ஒன்று இருந்தது. பண்டார் ஹிலிர் ஆபீஸில் துவான் என்று எல்லோரும் அழைத்த ஒரு ஜப்பான் துரை வேலை பார்த்தான். ஒருநாள் காரில் இந்தப் பக்கம் போனவன் குருவியின் குரல் கேட்டு வண்டியை நிறுத்தச் சொன்னானாம். வீட்டுக்கு எதிரே இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு, அது பாடி ஓய்கிறவரை நின்றான். அதன்பிறகு அடிக்கடி வந்து நின்றான். இந்தத் தெருவுக்குக் கமிட்டித் தலைவராக அவர்கள் போட்டிருந்த கலியாணசுந்தரம் பேச்சைக் கொண்டுவந்தார். ராத்திரிப் பள்ளியில் ஜப்பான் பாஷை படித்தவர், கெட்டவரில்லை, பயந்தவர்.

"அவங்க நாட்டு வயல்லயும் இந்தக் குருவி உண்டாம் பாய். ஹிபாரின்னு பேராம். கேட்டா அவருக்கு ஊர் நெனப்பு வருதாம். கேக்கிறாரு."

"குருவி என் வீட்டு விருந்தாளின்னு சொல்லுங்க" என்றார் ஷரீஃபுதீன். "விருந்தாளியைத் தூக்கி அடுத்தவனுக்குக் குடுக்கிற பழக்கம் எங்க ஆளுங்களுக்கு இல்ல."

கால் வீங்கியதும் கலியாணசுந்தரம் மறுபடி வந்தார். துவானிடம் வீக்கத்துக்கு ஊசி மருந்து இருக்கிறது, குருவியைக் கொடுத்தால் டாக்டரையே அனுப்பிவைப்பான் என்றார். உம்மா கதவுக்குப் பின்னாலிருந்து, "குடுத்துடுங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று அழுதாள்.

"ஊசி போட்டுப் பொழைச்சு, காலையில எந்திரிச்சு, கூண்டு தொங்கின ஆணியைப் பார்த்துக்கிட்டு உக்காரவா? போங்க தம்பி. நல்லாருங்க."

உம்மா அதற்குப் பிறகு அவரோடு சரியாகப் பேசவில்லை. கஞ்சியைக் கொண்டுவந்து வைப்பாள், போய்விடுவாள். அஸ்மாவுக்கும் கோபம் இருந்தது. ஒரு கைப்பிடிக் குருவிக்காக மனிதர் இப்படி வம்படியாகச் சாவாரா என்று மனசுக்குள் திட்டியபடிதான் அவர் காலைத் துடைத்துவிட்டாள். நேற்று ராத்திரிகூடத் திட்டினாள். இன்று விடிகாலையில் கை சில்லிட்டிருப்பதைப் பார்த்ததும் அந்தக் கோபம் எங்கேயோ போய்விட்டது. அல்லது வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

அது எந்தப் பக்கம் திரும்பியது என்பதை அவளுக்குக் காட்டியவர் கலியாணசுந்தரம்தான். விடிந்ததும் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, மையித்தைப் பார்த்துக் கும்பிட்டார். கண் உண்மையாகவே கலங்கியிருந்தது.

"கபனுக்குத் துணி இருக்கா தங்கச்சி?"

இல்லை. மையித்தைச் சுற்றுகிற கபன் துணி மலாக்காவில் யாரிடமும் இல்லை. போன மாதம் பள்ளிவாசல் மோதினாரின் தாயையே கோரைப்பாயில் சுருட்டித்தான் எடுத்துப்போனார்கள். உம்மாவின் பெட்டியிலிருந்த சேலைகள் ஒவ்வொன்றாக அரிசியாக மாறி வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்திருந்தன. இப்போது அவள் உடம்பில் இருந்தது வாப்பாவின் கட்டம்போட்ட பழைய கைலி ஒன்று, ஒட்டுப்போட்ட சட்டை ஒன்று. கணவனை இழந்து இத்தா இருக்கிறவள் வெள்ளை உடுத்தவேண்டும் என்பது வழக்கம். வெள்ளைக்கு எங்கே போவது?

"துவான்கிட்ட சொன்னேன்" என்றார் கலியாணசுந்தரம், குரலைத் தாழ்த்தி. "புதுத்துணி. வெள்ளை. கிடங்குல இருந்து எடுத்துத் தர்றேங்கிறாரு. பாய்க்கும் ஆகும், உங்கம்மாவுக்கும் ஆகும். குருவியை மட்டும்... பாய்தான் இப்ப இல்லியேம்மா. அவருக்கு இனிமே என்ன?"

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவளை எழுப்பி உட்காரவைத்தது. சாவதற்காகவே காத்திருந்திருக்கிறார்கள்! ஜெய்னுலாப்தீனைக் கொண்டுபோன அன்றைக்கும் இப்படித்தான், வாசலில் ஒரு மூட்டை அரிசியை வைத்துவிட்டுப் போனார்கள். பசி, அவள் உலையிலிட்டாள். சில மாதம் கழித்துப் புருஷனைப் பற்றி விசாரிக்க ஆபீஸுக்குப் போனபோது, "அரிசி வாங்கிக்கொண்டு நீங்கள்தானே அனுப்பினீர்கள்" என்று கேட்டார்கள்.  அந்தக் கேள்வியோடுதான் வீடு திரும்பினாள்.

"குருவி விலைக்கு இல்லண்ணே" என்றாள்.

"அப்ப பாயைப் பாய்லயா சுருட்டுவே?"

"துணியிலதான் அனுப்புவேன்."

எந்தத் துணி என்று அப்போது அவளுக்கே தெரியாது. கலியாணசுந்தரம் தலையை ஆட்டிக்கொண்டு போனபிறகு, கூடத்து மூலையில் குண்டாக, வெள்ளைக்கும் பழுப்புக்கும் நடுவான நிறத்தில் தொங்கிக்கொண்டிருந்த கூண்டைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு சவரக்கத்தியைத் தேடினாள்.

சட்டை வந்தது. அதன்கீழ் இருந்த உறை புகையேறிப் பழுத்து, தொட்ட இடத்தில் நார்நாராகப் போயிற்று. அதைத் தனியே போட்டாள். அதற்கும் கீழே கத்தி நுழைந்தபோது துணி கெட்டியாக இருந்தது. வெயிலே படாத துணி. ஒவ்வொரு உறையாக உரிய உரிய வெள்ளை கூடிக்கொண்டே போனது. கடைக்கு நல்ல வியாபாரம் நடந்த வருஷத்தில் வாங்கியது முரட்டு மல்லாகவும், கைக்கடியான வருஷத்தில் வாங்கியது சல்லடைத் துணியாகவும் இருந்தன. முகைதீன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணன் ஒரு ஜவுளிக்கடையையே தொங்கவிட்டிருக்காரு" என்று முணுமுணுத்தார். பிறகு அந்தத் துணிகளிலேயே முகத்தைப் புதைத்து அழுதார்.

அடி உறையின் கீழ்ப்பாதி எச்சமும் மணலுமாக இறுகியிருந்தது. அதை அறுத்து எறிந்தாள். கூரைத் துணியில் மட்டும் கைவைக்கவில்லை.

வானம்பாடி தட்டைக்கல்லை ஒட்டிப் படுத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் அஸ்மா அதை முழுசாகப் பார்ப்பது இதுதான் முதல்தடவை. இவ்வளவு சின்னதா! இதற்கா இத்தனை பாடு என்று தோன்றியது. அடுத்த நொடியே, இவ்வளவு சின்னதைக்கூட விடமாட்டார்களா என்று தோன்றியது. கூண்டை நிழலான மூலையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

மையித்துக்கு ஓதுகிற லெப்பை வந்திருந்தார். துணிக்குவியலைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

"குருவி எச்சம் பட்டது நஜீஸும்மா."

"கழுவினா?"

"நல்லாக் கழுவினாச் சுத்தம்தான்."

"துண்டு துண்டா இருக்கு. இணைச்சுத் தைக்கலாமா?"

"உடம்பை மறைக்கணும். அதுதான் கணக்கு. இப்பல்லாம் எதைப் பார்த்து எதை வேணாங்க முடியுது?" லெப்பையின் குரல் இளகிப்போயிருந்தது. "சாயங்காலம் அசர் தொழுகைக்கு எடுத்துடணும். அதுக்குள்ள காயுமா?"

"காய வைக்கிறேன்."

பக்கத்துக் கம்போங்கில், மலாக்காவோடு கலந்துபோன பழைய தமிழ்ச் சிட்டிக் குடும்பத்துத் தெய்வானையிடம்தான் வற்றாத கிணறு இருந்தது. தெய்வானைக்கு நெற்றியில் திருநீறு உண்டு, வீட்டில் சாமி உண்டு, தமிழ் மட்டும் கிடையாது. தலைமுறை தலைமுறையாகப் பேச்சு மலாய்தான். அஸ்மா இடுப்பில் துணி மூட்டையோடு வந்து நின்றதைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. அடுப்புச் சாம்பலைக் கலயத்தில் கரைத்து, தெளியவைத்து, அந்தத் தண்ணீரில் துணிகளை முக்கினாள். சவுக்காரம் என்ற சொல்லே மறந்துபோயிருந்த காலம். இரண்டு பேரும் மாறிமாறிக் கல்லில் அடித்தார்கள்.

அஸ்மா அடித்த அடியில் கல் பெயர்ந்துவிடும் போலிருந்தது. தெய்வானை அவள் கையைப் பிடித்தாள்.

"பெலான், பெலான்" என்றாள். மெதுவாக, மெதுவாக. "துணி என்ன பாவம் செய்தது?"

அப்போதுதான் அஸ்மாவுக்கு அழுகை வந்தது. கிணற்றடியிலேயே குந்தி, ஈரத்துணியை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். செத்தவருக்காக மட்டுமல்ல, திட்டியதற்காகவும்தான். தெய்வானை பக்கத்தில் நின்று வாளி வாளியாகத் தண்ணீர் இறைத்து ஊற்றிக்கொண்டே இருந்தாள். மூன்றாவது அலசலில் தண்ணீர் கண்ணாடியாக ஓடியது.

வெயில் அன்றைக்கு அவர்கள் பக்கம் இருந்தது. வேலியிலும் கொடியிலுமாக வாப்பாவின் வருஷங்கள் காய்ந்தன. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். இத்தனை வெள்ளைத் துணியை ஒரே இடத்தில் பார்த்து அவர்களுக்கு நாளாகியிருந்தது. விஷயம் தெரிந்ததும் ஒருவர் சிரித்துவிட்டார். பிறகு தலையிலிருந்த தொப்பியைச் சரிசெய்துகொண்டு, நேரே உள்ளே வந்து மையித்துக்கு முன்னால் உட்கார்ந்து ஓதத் தொடங்கினார்.

அஸ்மா தைத்தாள். ஊசி ஒன்றுதான், நூலுக்கு உறைகளின் பழைய தையலையே உருவிக்கொண்டாள். ஆண்கள் குளிப்பாட்டி முடித்துக் கேட்டபோது, அங்கங்கே இன்னும் ஈரம் உலராத மூன்று விரிப்புகளைக் கொண்டுபோய் லெப்பையின் கையில் கொடுத்தாள். ஓட்டுத்தையல்கள் வரப்பு வரப்பாகத் தெரிந்தன. சுற்றிக் கட்டி முடித்தபோது வாப்பா எப்போதும்போல் விறைப்பாக இருந்தார்.

உம்மாவை அழைத்துவந்து முகத்தைக் காட்டினார்கள். அவள் அழாமல் நின்று, கபனின் ஓரத்தை இரண்டு விரலால் தடவிப் பார்த்தாள்.

"சக்களத்தி அவிழ்த்துக் குடுத்தாளாக்கும்" என்றாள். அதற்குப் பிறகு அறைக்குள் போய் இத்தாவில் உட்கார்ந்துவிட்டாள்.

மையித்தை வைத்த சந்தூக்கைத் தோளில் ஏற்றும்போதுதான் கார் வந்து நின்றது.

துவான் இறங்கினான். கண்ணாடி போட்ட, ஒல்லியான, வாத்தியார் மாதிரியான ஆள். கையில் மடிப்புக் கலையாத வெள்ளைத் துணிக்கட்டு. பின்னால் கலியாணசுந்தரம், வேர்த்து வழிந்தபடி.  அவன் நிழலோரம் இருந்த கூண்டைப் பார்த்தான். வெறும் மூங்கில் விலா எலும்புகள். உள்ளே கண்ணைத் திறந்துகொண்டு அசையாமலிருந்த குருவி. கலியாணசுந்தரத்திடம் சட்டென்று ஏதோ கேட்டான்.

"உறை எங்கேன்னு கேக்கிறாரு" என்றார் கலியாணசுந்தரம். "உறையில்லாமப் பாடாதே, எதுக்குக் கழட்டினீங்க, திரும்ப மாட்டுங்கங்கிறாரு."

முகைதீனின் முகம் வெளுத்துவிட்டது. லெப்பை தரையைப் பார்த்தார். அந்த மனிதன் நினைத்தால் அங்கே நிற்கிற அத்தனை பேரையும் லாரியில் ஏற்றலாம். அது எல்லோருக்கும் தெரியும், அஸ்மாவுக்கும் தெரியும். அவள் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு வாசற்படிக்கு வந்தாள். சந்தூக்கைக் கையால் காட்டினாள்.

"உறை அவங்க மேல இருக்கு. வேணும்னா அவங்ககிட்டயே கேட்டு வாங்கிக்கிடச் சொல்லுங்க."

கலியாணசுந்தரம் துவான் பக்கம் திரும்பினார். நீளமாக, குழைவாக எதையோ சொன்னார்; அவள் சொன்னது அவ்வளவு நீளமில்லை. ஆனால் துவான் அவரைப் பார்க்கவில்லை. அவள் நீட்டிய கையையும், சந்தூக்கின் விளிம்பில் தெரிந்த தையல் வரப்பையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

யாரோ கலிமாவை எடுத்தார்கள். சந்தூக்கு உயர்ந்தது. அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு வழிவிட்டான். ஆண்கள் எல்லோரும் பின்னால் போனார்கள். முகைதீன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். முனை திரும்பி ஓசை தேய்கிறவரை அவன் தொப்பியைக் கையிலேயே வைத்திருந்தான். பிறகு தலையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் வந்து, கூண்டைத் தூக்கினான். துணிக்கட்டைப் படியில் வைத்து லேசாகத் தலை குனிந்தான். நாகரிகமான ஆள்தான். அதுதான் அஸ்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு மட்டும் மாத்தாமச் சொல்லுங்க" என்றாள். "நான் குடுக்கல. அவரு எடுத்துட்டுப் போறாரு. துணியை வாங்கினா அது வியாபாரம். நான் வாங்கல."

"வேணாம் தங்கச்சி..."

"சொல்லுங்க."

கலியாணசுந்தரம் சொன்னார். இந்தமுறை சுருக்கமாக இருந்தது. துவானின் முகத்தில் அதுவரை இருந்த மரியாதை கழன்று விழுந்ததைப் பார்த்து, சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் துணிக்கட்டைச் சுட்டிக்காட்டி, எடு என்று சைகை செய்தான். அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். மறுபடி காட்டினான், குரலும் உயர்ந்தது.  அவள் கை பின்னாலேயே இருந்தது.

அடிப்பான் என்று நினைத்தாள். அவன் அடிக்கவில்லை. கூண்டைத் தூக்கிக்கொண்டு போய்க் காரில் ஏறினான். அந்த ஆட்டத்தில் குருவி மணலில் கால் பாவாமல் சறுக்கியதைப் பார்த்தாள். அதனிடமிருந்து ஒரு சத்தம்கூட வரவில்லை. கார் போய்விட்டது. 

கலியாணசுந்தரம் மட்டும் நின்றார். அவர் மனைவி வெளியே வந்து மாதங்களாகியிருந்தன. வருவதற்குத் துணி இல்லை. அவர் கண் துணிக்கட்டின்மேலேயே இருந்தது.

"உங்கம்மா இத்தாவுல உக்காந்திருக்காங்க. அவங்களுக்காவது வெள்ளை வேணாமா?"

"வேணும்ணே. ரொம்ப வேணும்."

அவள் குனிந்து கட்டை எடுத்தாள். புதுக் கஞ்சி வாசம். விரல்கள் தாமாகவே மடிப்புக்குள் நுழைந்து பார்த்தன. நல்ல துணி, அவள் நிக்காஹுக்கு எடுத்ததைவிட நல்ல துணி. அதைத் தூக்கிக்கொண்டு படி இறங்கி, முற்றம் தாண்டி, வேலிக்கு வெளியே போனாள். சாக்கடைமேல் போட்டிருந்த பலகையைத் தாண்டிப் பொதுச்சாலையின் ஓரத்தில் வைத்தாள். கலியாணசுந்தரத்தைப் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கட்டுக்கு மறுபக்கமாக நடந்து போனார்.

வீட்டுக்குள் வந்தாள்; குருவியில்லாத அவ்வளவு அமைதியை அவள் கேட்டதேயில்லை.

"அஸ்மா" என்றாள் உம்மா, அறைத் திரைக்குப் பின்னாலிருந்து. "போயிட்டானா?"

"போயிட்டான் உம்மா. குருவியை எடுத்துட்டுப் போயிட்டான்."

"ஏதோ வச்சுட்டுப் போன மாதிரி கேட்டுச்சே."

"துணி."

திரை அசையவில்லை. உள்ளே கட்டில் ஒருமுறை கிரீச்சிட்டது.

"நல்ல துணியா?"

"நல்ல துணி உம்மா."

"எங்கே?"

"ரோட்டுல."

அஸ்மா காத்திருந்தாள். ஊசி மருந்துக்காக அழுதவள் உம்மா. எடுத்து வா என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் அஸ்மா போய் எடுத்துவந்துவிடுவாள், அவளால் மறுக்க முடியாது. மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. ஓலைகள் சலசலத்தன. உம்மாவின் குரல் வந்தது.

"மழை வருது. நம்ம கொடியில கெடக்கிறதை எடுத்துட்டு உள்ள வா."

கொடியில் அவளுடைய ஒட்டுப்போட்ட பாவாடை ஒன்றும், முகைதீனின் சாக்குச் சட்டையும் மட்டும் தொங்கின. இரண்டையும் உருவித் தோளில் போட்டுக்கொண்டாள். முதல் சொட்டுகள் கனமாக விழுந்தன. ரோட்டில் கிடப்பது யார் வைத்த துணி என்று அதற்குள் தெருவெல்லாம் தெரிந்திருந்தது. ஒரு சைக்கிள்காரர், வெற்று முதுகுடன், வேகமாக வந்தவர் சாலையோரத்துக் கட்டைப் பார்த்துக் காலை ஊன்றினார். வேலிக்குள் நின்ற அவளைப் பார்த்தார். வெறிச்சோடிக் கிடந்த வாசலையும் பார்த்தார். பிறகு ஹேண்டில்பாரை ஒடித்து, கட்டைச் சுற்றிக்கொண்டு மழைக்குள் மிதித்துப் போனார்.

தெய்வானை தலையில் வாழையிலையைக் கவிழ்த்துக்கொண்டு, அவித்த கிழங்குச் சட்டியோடு எதிரே வந்துகொண்டிருந்தாள். கட்டின் பக்கத்தில் வந்ததும் நின்றாள். சாக்குப் பாவாடையை ஒரு கையால் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். தண்ணீர் ஏறி மடிப்புகள் ஒவ்வொன்றாக விரிந்துகொண்டிருந்த அந்த வெள்ளையில் கால் பட்டுவிடாமல், அகலமாக ஓரடி எடுத்துவைத்து, கிழங்கு சூடு ஆறுவதற்குள் படியேறி வந்தாள்.